ஆயிரத்து எண்ணூற்று அறுபதாவது மீட்டர்

கதவைத் திறந்த பெண் "வாங்க" என்று சொல்லவில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்றால் இல்லைதான். ஆனால் சத்தியப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாகக் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் டெலிபோன் லைன் பார்க்கிறவள். ஸ்கூட்டியின் முன்பக்கம் மீட்டர் பெட்டியும் பின்பக்கம் கேபிள் சுருளுமாக அவள் ஏறி இறங்காத வாசல் கிடையாது. நாலு நாளாக லைன் செத்துக் கிடக்கிறது என்று எகிறுகிறவர்கள்கூட முதலில் "வாங்க" என்றுவிட்டுத்தான் எகிறுவார்கள். முகத்தில் முழிக்காத பங்காளி வாசலில் வந்து நின்றாலும் இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்குப் பஞ்சம் வராது. இவளோ கதவை ஒருக்களித்துத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான்.

"ரேணுகாங்கறது நீங்கதானக்கா? போன் பழுதுன்னு வந்திருக்கு."

"பழுதுன்னா எழுதியிருக்காக?" அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. நாற்பது வயது இருக்கும். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. "எடுத்துட்டுப் போயிருங்கன்னுல்ல நான் சொன்னேன். போனே வேண்டாம்னு சொன்னேன்."

சத்தியா செல்போனைத் திறந்து காட்டினாள். புகார் எண், கூத்தனேந்தல், வீட்டு எண், 'பழுது'. "எடுக்கணும்னா அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும்க்கா. எனக்கு வந்தது பழுதுன்னு. பாக்காம நான் மூட முடியாது."

ரேணுகா உள்ளே நடந்தாள். சத்தியா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள். சுமாரான மாடி வீடு. ஹாலில் டிவி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மாலை போட்ட படம். படத்தின் கீழே செம்மலை என்ற பெயரும் இறந்த தேதியும். சத்தியா மனதுக்குள் நாள் எண்ணினாள். ஐம்பதுக்கு மேல் ஆகியிருந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டில் வந்தவரை 'வாங்க' என்று சொல்லமாட்டார்கள், கிளம்புகிறவரும் 'வாரேன்' என்று சொல்லாமல்தான் எழுந்து போவார். அது ஊரறிந்த வழக்கம். ஆனால் அதெல்லாம் கருமாதியோடு முடிந்துபோகிற கணக்கு. பாவம், இந்த அம்மாவுக்கு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மனத்தாங்கலை விட்டுவிட்டாள்.

"போன் எங்க இருக்குக்கா?"

ரேணுகா மூலையில் இருந்த பெரிய எவர்சில்வர் அண்டாவைக் காட்டினாள். அதன் வாயில் ஒரு தலையணை அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. தலையணையை எடுத்தால் அடியில் ஒரு போர்வை, போர்வைக்குள் இன்னொரு துண்டு, துண்டுக்குள் சாம்பல் நிற டெலிபோன். அதன் வயர் அண்டாவின் விளிம்பு வழியாக வெளியேறிச் சுவரோரம் இருந்த மோடத்துக்குப் போயிருந்தது. சத்தியா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. ஆனால் ஒரு வாடை வந்தது. தண்ணீர் வற்றும் நேரத்துக் கண்மாயின் பாசி வாடை.

மழைக்காலம், ஈரம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மோடத்தைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு மினுங்கியது. பச்சை எரிந்தால் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் வந்து சேர்கிறது என்று அர்த்தம். சிவப்பென்றால் வழியில் எங்கேயோ இழை அறுந்திருக்கிறது, பேச்சும் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது.

"எத்தனை நாளாக்கா லைன் இல்ல?"

"ரெண்டு மாசமா அந்தச் செவப்புதான் எரியுது."

"அப்ப போனே வராதுல்ல?"

ரேணுகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு இருபது. "நீக போன்ல பேசாம மட்டும் பாத்துருங்களேன்" என்றாள்.

"பேசாம போனை எப்படிக்கா பாக்குறது?" என்று சத்தியா சிரித்தாள். ரேணுகா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டதுபோல மூடிக்கொண்டாள். "நான் கொல்லப்பக்கம் இருக்கேன். முடிஞ்சதும் குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியே போய்விட்டாள். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்று சத்தியா யோசிக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் குருநாதனைச் செல்போனில் பிடித்தாள். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும் மனிதர். அவள் சேர்ந்த நாளிலிருந்து அவளை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார்.

"கூத்தனேந்தலா? அந்தக் கேபிள்ல வேற யாரும் கம்ப்ளெயின்ட் சொல்லலையேத்தா. எல்லாருக்கும் பச்சையாத்தான் காட்டுது."

"இங்குட்டு செவப்புண்ணே. நான் மீட்டர் போட்டுப் பாக்குறேன். கொஞ்ச நேரங்கழிச்சு லேண்ட்லைனுக்கு ஒரு ரிங் விடுங்க."

"டீயக் குடிச்சுட்டு வந்து விடுறேன். வரட்டா?"

"வாங்கண்ணே."

எல்லாரும் போனை 'வைக்கட்டா' என்று கேட்டால் குருநாதன் மட்டும் 'வரட்டா' என்பார், வீட்டுக்கு வந்துவிட்டு விடைபெறுகிறவர் மாதிரி. அதற்கு என்ன பதிலோ அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஒன்பது வருடத்தில் அவளுக்கு அது நாக்கின் நுனியில் உட்கார்ந்துவிட்ட பழக்கம்.

மோடத்திலிருந்து இழையைக் கழற்றி, முனையைத் துடைத்து, மீட்டரில் சொருகினாள். இந்த மீட்டர் இழைக்குள் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். எங்கே முட்டித் திரும்புகிறதோ அந்த இடத்தைத் திரையில் ஒரு முள்ளாகக் காட்டி, இங்கிருந்து இத்தனை மீட்டர் என்று எண்ணில் சொல்லும். பாதையும் அவளுக்கு அத்துப்படி. வீட்டிலிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டரில் ரேஷன் கடை முக்கு. அங்கே கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் கேபிள் இரண்டாகப் பிரியும். ஒன்று இந்த ஊருக்கு, மற்றது சாக்கோட்டைப் பக்கம் அவள் குடியிருக்கும் தெருவுக்கு. பெட்டிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், செங்கல் சூளை, கண்மாய்க்கரை என்று ஓடி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரும்.

திரையில் முள் எழுந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபது மீட்டர்.

இன்னொரு முறை அனுப்பினாள். அதே ஆயிரத்து எண்ணூற்று அறுபது. கண்மாய் மடை இருக்கிற இடம். எலி கடித்திருக்கும், இல்லை ஜேசிபி இழுத்திருக்கும். நாளைக் காலையில் போய் ஒட்டிவிடலாம் என்று குறித்துக்கொண்டிருந்தபோது அண்டாவுக்குள் போன் அடித்தது.

எவர்சில்வர் சுவர்களில் மோதி அந்த மணி கோயில் சேகண்டி மாதிரி வீடு முழுக்க அதிர்ந்தது. மணி சரியாக நாலரை. டீ குடிக்கப் போன மனிதர் பரவாயில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டார் என்று எடுத்தாள்.

"என்னத்தா, கேக்குதா?"

"கேக்குதுண்ணே. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"தூரத்துல இருக்கேன்ல."

"முள்ளு ஆயிரத்து எண்ணூத்தி அறுபதுல நிக்குதுண்ணே. மடைகிட்ட."

"ஆமா, மடைகிட்டதான்" என்றது குருநாதன் குரல். பின்னால் தண்ணீர் களக் களக் என்று எதிலோ மோதிக்கொண்டிருந்தது. "சரித்தா, வரட்டா?"

"வாங்கண்ணே."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். மீட்டரில் சொருகியிருந்த இழையைப் பார்த்தாள். மோடத்தின் பின்பக்கம் இழை சொருகும் ஓட்டை காலியாக இருந்தது. இந்தப் போனுக்கு உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு அவள் மடியில் கிடந்தது.

செல்போன் அடித்தது. துள்ளி விழுந்தாள்.

"ஆத்தா, டீக்கடையில கூட்டம். இன்னும் பத்து நிமிசம் ஆகும். அப்பறம் ரிங் விடுறேன், கோச்சுக்காத."

"இப்ப நீங்க கூப்பிடலையாண்ணே?"

"எங்கிட்டு கூப்பிட? கையில வடை இருக்குல்ல."

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளே பல வீடுகளில் சொல்லியிருக்கிறாள். லைனில் குரல் கேட்கிறது, மூச்சு கேட்கிறது என்பவர்களிடம் வயரை மாற்றிப் போட்டுக்கொடுத்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். இதற்கும் ஒரு காரணம் இருக்கும். மோடத்தில் பேட்டரி இருக்கும். பழைய கால் எதுவோ தேங்கி நின்றிருக்கும். என்னவோ இருக்கும். வேலையில் கையை வைத்தால் பயம் போகும் என்று மீட்டரின் பொத்தானை அழுத்தினாள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது.

முனையைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்தாள். மறுபடி சொருகி அழுத்தினாள். ஆயிரத்து எழுநூற்று நாற்பது. மீட்டரை அணைத்துப் போட்டாள். ஆயிரத்து அறுநூற்று இருபது.

அறுந்த இடம் அறுந்த இடத்திலேயே கிடக்கும். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொள்வது அது. அறுந்த இடம் நடக்காது.

வெளியே கண்மாய்த் திசையில் ஒரு மயில் அகவியது. அதற்குக் கொஞ்சம் இப்பால் இன்னொரு மயில். நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்து, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோலப் பாதியில் நிறுத்தியது. வானம் மூடியிருந்ததால் ஹாலில் வெளிச்சம் குறைந்து, படத்து மாலையின் ஜரிகை மட்டும் மின்னியது. பாசி வாடை இப்போது ரிசீவரில் மட்டும் இல்லை. சத்தியா லைட்டைப் போட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அது செங்கல் சூளை.

"நீக போனை எடுத்தீகளா?"

பின்கதவில் ரேணுகா நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை அண்டாவுக்கு வெளியே கிடந்த போனில் இருந்தது.

"எடுத்தேன்க்கா."

"யாரு குரல்?"

"எங்க ஆபீஸ் அண்ணன் குரல். ஆனா அவரு..."

"வரட்டான்னு கேட்டுச்சா?" ரேணுகா கிட்டே வந்து அவள் தோளைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "நீக என்ன சொன்னீக? சொல்லுங்க தாயி, என்ன சொன்னீக?"

சத்தியாவால் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ரேணுகா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தோளை விட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்லியிருக்கணும். பைத்தியம்னு நினைப்பீகளோன்னு வாயக் கட்டிக்கிட்டேன். பாவி நான்."

"என்னக்கா அது?"

"என்னன்னு யாருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரகளுக்குக் கூட்டாளி குரல்ல வந்துச்சு. அந்தக் கூட்டாளி திருப்பூர்ல மில்லுல இருக்காக. 'வரட்டாடா'ன்னு கேட்டிருக்கு, இவுக 'வாடா'ன்னுட்டாக. அன்னைக்குச் சாயங்காலம் வந்துருச்சு. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இவுக மட்டும் அந்தா அந்த நாற்காலியப் பாத்துப் பேசிக்கிட்டே இருந்தாக. பொறகு எந்திரிச்சு 'போறேன்'னாக. இருவது வருசத்துல ஒருநா அப்படிச் சொன்னதில்ல தாயி, கடைக்குப் போனாக்கூட 'போயிட்டு வாரேன்'னுதான் சொல்லுவாக. செருப்பக்கூடப் போடாமப் போனாக. மறுநா மடைகிட்ட கெடந்தாக."

அவள் அழவில்லை. அழுது முடித்த குரலாக இருந்தது அது.

"இப்ப தெனமும் நாலரைக்கு அவுக குரல்லயே எனக்கு அடிக்குது. 'ரேணுகா, வரட்டா'ன்னு. கேக்குறப்ப நெஞ்சு வெடிச்சிரும். பல்லக் கடிச்சுக்கிட்டு வச்சிருவேன். தூக்கத்துல ஒளறிருவேனோன்னு பயந்து அந்தச் சொல்லையே வாயிலருந்து எடுத்துட்டேன். யாரு வாசலுக்கு வந்தாலும் சொல்றதில்ல."

மீட்டரில் முள் தொள்ளாயிரத்து நாற்பதில் நின்றது. பள்ளிக்கூடத்துச் சுவர். சத்தியா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பழைய எண்களைப் பார்த்தாள். நிமிடத்துக்கு நாற்பது மீட்டர். அவசரமில்லாத நடை. வழி கேட்டுக்கொண்டு வருகிறவரின் நடை.

"இதை வெட்டிவிட்டா?"

"போன் வயரை ஒருநா புடுங்கிப் போட்டுப் பாத்தேன். அப்பவும் வந்துச்சு."

ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. ஸ்கூட்டி வாசலில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் வீடு. வீட்டில் தன்ஷிகா இருக்கிறாள். எட்டு வயது. பள்ளிவிட்டு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, அம்மா வரும்வரை தனியே வீட்டுப்பாடம் எழுதுகிறவள். தகப்பன் இல்லாத பிள்ளை. கூப்பிட்டது நான், வருவது என்னைத் தேடித்தான். நான் வீட்டுக்குப் போனால் அதுவும் என் பின்னாலேயே வீட்டுக்கு வரும். போகக்கூடாது. என்ன ஆனாலும் இங்கேயே இருக்க வேண்டும்.

மகளுக்குப் போன் போட்டாள். குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தன்ஷி, அம்மா வர லேட்டாகும். கதவைப் பூட்டிக்க. யாரு வந்தாலும் திறக்காத. பக்கத்து வீட்டு ஃபர்சானா ஆன்ட்டி வந்தா மட்டும் திற, சரியா? அவுக வந்தா உக்காரச் சொல்லு."

"சரிம்மா. தண்ணி குடுக்கணுமா?"

"குடு" என்றாள் சத்தியா. நல்ல பிள்ளை. நல்லதெல்லாம் சொல்லி வளர்த்த பிள்ளை.

அறுநூற்று இருபது. தண்ணீர்த் தொட்டி. தெருவில் யாருமில்லை. மயில்கள் அடங்கிவிட்டன. சத்தியாவும் ரேணுகாவும் ஹாலின் நடுவே முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கையைக் கோர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்நூறு.

"நீங்க கொல்லப்பக்கம் போயிருங்கக்கா. கூப்பிட்டது நான்."

"போகல" என்றாள் ரேணுகா.

நானூற்று அறுபது. வாடை தொண்டையில் இறங்கியது. நானூற்று இருபது. டியூப்லைட் ஒருமுறை மங்கி எரிந்தது. முந்நூற்று எண்பது. முந்நூற்று நாற்பது. சத்தியா வாசலைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினாள். மீட்டர் யோசித்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

முள் இல்லை.

திரையில் கோடு சமமாக, வழவழப்பாக, ரேஷன் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மடையைத் தாண்டி, நாலாயிரத்து அறுநூறாவது மீட்டரில் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஓடியது. எங்கும் உடைசல் இல்லை. மறுபடி அழுத்தினாள். இல்லை. பத்து முறை அழுத்தினாள். பத்து முறையும் இல்லை. இழையை எடுத்து மோடத்தில் சொருகினாள். சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன், சுத்தமாக, வாடையில்லாமல்.

"போயிருச்சா?" என்றாள் ரேணுகா.

"போயிருச்சுக்கா. லைன் சரியாயிருச்சு."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ரேணுகாவுக்கு அழுகை வந்தது. ஐம்பது நாள் அழுகை. சத்தியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மணி ஐந்து பத்து. சரி செய்த லைனை நாற்பத்தைந்து நிமிடம் கண்காணித்த பிறகே புகாரை மூட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மற்ற நாட்களில் அந்த விதியைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு உட்கார்ந்திருக்கப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் மகளிடமிருந்து தள்ளி இருப்பதும் நல்லதுதான். ரேணுகா அடுப்படியில் டீ போட்டாள். இஞ்சி வாசத்தில் வீடு மறுபடி வீடாயிற்று. ரேணுகா தன் மகன் கோயம்புத்தூரில் படிப்பதைச் சொன்னாள். சத்தியா தன் மகள் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியதைச் சொன்னாள். குருநாதன் சொன்னதைவிட அரைமணி பிந்தி லேண்ட்லைனுக்கு ரிங் விட்டார். உண்மையான குருநாதன், வாயில் வடையோடு. அவர் "வரட்டா" என்றபோது சத்தியா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ.

ஐந்து ஐம்பத்தைந்துக்குச் செல்போனில் புகாரை மூடப் போனாள். மூடுவதற்கு முன் கேபிள் பாதையின் படம் திரையில் வரும், சரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி, மடை வழியாக, சூளை வழியாக, பள்ளிக்கூடம் வழியாக ரேஷன் கடை முக்குக்கு வந்தது. அங்கே இரண்டாகப் பிரிந்தது.

சத்தியா அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மீட்டர் இந்த வீட்டிலிருந்து பார்க்கும். பெட்டி வரைக்கும் பார்க்கும், பெட்டிக்கு அப்பால் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் பார்க்கும். பெட்டியிலிருந்து இன்னொரு பக்கம் திரும்புகிற கிளை அதற்குத் தெரியாது. முள் போகவில்லை. முக்கில் திரும்பியிருக்கிறது.

'வாங்க' என்றால் எங்கே வருவது? சொன்னவர் வீட்டுக்குத்தானே.

முக்கிலிருந்து அவள் வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். போன சித்திரையில் அவளே அளந்து இழுத்த கேபிள். நிமிடத்துக்கு நாற்பது மீட்டர். நாற்பத்தேழு நிமிடம். மணி ஐந்து ஐம்பத்தாறு.

மகளின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தாள். எங்கேஜ்.

"என்ன தாயி? என்ன?" ரேணுகாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

ஃபர்சானாவுக்கு அடித்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன்.

"சொல்லு சத்தியா."

"எங்க இருக்கீங்க? வீட்டுலதான இருக்கீங்க?"

"நான் செக்காலைக் கடைவீதியில இருக்கேன், துணி எடுக்க வந்தேன். என்ன ஒரு மாதிரி பேசுற?"

போனை வைத்தாளா, கீழே போட்டாளா தெரியவில்லை. வீட்டு ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருந்தாள், பிள்ளை தனியாக இருக்கிறதே என்று. மலிவுக் கேமரா, படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. அதைத் திறந்தாள். சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. படம் வந்தது.

ஹாலில் லைட் எரிந்தது. தன்ஷிகா பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் டெலிபோன் பக்கத்தில் நின்றாள். ரிசீவர் அவள் காதில் இருந்தது. தலையை ஆட்டினாள். சிரித்தாள். தெரிந்தவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அவள் உதடுகள் திறந்து மூடின. ஒரே ஒரு சொல். அதைப் புரிந்துகொள்ளச் சத்தம் தேவைப்படவில்லை.

"சொல்லாதடி" என்று சத்தியா கத்தினாள். "தன்ஷி! சொல்லாத! சொல்லாத!"

பிள்ளை ரிசீவரை வைத்தாள். பின்னலைச் சரிசெய்துகொண்டாள். ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவு திறந்தது. வாசலில் இருட்டு. யாருமில்லை. தன்ஷிகா அண்ணாந்து பார்த்து, ஒரு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

சத்தியா வாசலுக்கு ஓடினாள். சாவி கையில் இல்லை. மீட்டர் பெட்டிக்குள் இருந்தது. திரும்பி ஓடினாள். கால் தட்டி விழுந்தாள். போனை மட்டும் விடவில்லை. ரேணுகா அவளைத் தூக்க முயன்றாள். சத்தியாவின் கண் திரையை விட்டு அகலவில்லை.

தன்ஷிகா அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தாள். இரண்டு கையாலும் ஒரு செம்பை ஏந்தி, தண்ணீர் சிந்தாமல், ஒவ்வொரு அடியாக நடந்து ஹாலின் நடுவே வந்து நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால், ஆள் உயரத்துக்குக் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். செம்பை உயர்த்தி நீட்டினாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

செம்பு கீழே விழவில்லை.